கம்பிவேலிக்குள் படம் மாட்டப் போன கதை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பதினேழு பேரை வெந்நீரில் கரைத்துவிட்டேன்.

காலம் மலாயாவின் அவசரகாலம் என்பதால் இதைப் படித்தவுடன் யாரும் போலீசுக்கு ஓட வேண்டாம். கரைந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியில் இருந்தவர்கள். மலாக்கா டவுனில் மூடிப்போன ஒரு பழைய ஸ்டூடியோவின் கண்ணாடி நெகட்டிவ்களை எங்கள் முதலாளி கோவிந்தசாமி பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். சலவைச் சோடா போட்ட கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறினால் படம் இருக்கிற ஜவ்வு பால் ஆடைபோலச் சுருண்டு வந்துவிடும். கீழே இருப்பது மெல்லிய, சுத்தமான, கிட்டத்தட்டக் காசில்லாத பிரேம் கண்ணாடி.

நெகட்டிவில் எல்லாரும் கறுத்த முகமும் வெள்ளை முடியுமாக இருப்பார்கள். பதினேழாவதாக வந்தது கோட்டுப் போட்ட ஒரு மனிதர். கை கொஞ்சம் தயங்கியது.

"யாருடா அது?" என்றார் முதலாளி.

"தெரியல முதலாளி."

"தெரிஞ்சா மட்டும் நிறுத்திடுவியா? தேய்லா."

ஜாசின் டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. சாமி படம், கல்யாணப் படம், கறுப்பு ரிப்பன் கட்டிய படம், எல்லாவற்றுக்கும் பிரேம். மரச்சட்டம் போட முடியாதவர்களுக்கு டேப் பிரேம். கண்ணாடி, அதன் கீழே படம், அதன் கீழே துணிக்கடைச் சட்டைப்பெட்டியில் வெட்டிய அட்டை. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, நாலு ஓரத்திலும் கம் டேப்பை நனைத்து மடித்து ஒட்டினால் முடிந்தது. மாட்டுவதற்குப் பின் அட்டையில் ஒரு கீறல் போட்டு நாடாவை நுழைக்க வேண்டும். மரச்சட்டத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சுவரில் பார்த்தால் கறுப்புக் கரைபோட்ட வேட்டி மாதிரி நறுவிசாக இருக்கும்.

எனக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மூன்று வருஷ வேலையை வைத்துக்கொண்டு அனுபவக் குறிப்பு எழுத வந்துவிட்டான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முப்பது வருஷம் ஆகட்டும் என்று காத்திருந்தால் பாதி மறந்துபோகும். மீதியை நானே அழகுபடுத்திவிடுவேன். இப்போது எழுதினால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பது பிசகாமல் வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் உபயோகம்.

அப்பா சிம்பாங் அம்பாட்டில் லாரி ஓட்டுகிறவர். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். கவர்மெண்ட் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை என்று சொல்லித்தான் கடைக்கு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை. பசார் பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலப் புகைப்படப் புத்தகம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு ஒரே வாரத்தில் முதலாளியைத் திருத்த ஆரம்பித்தேன். அட்டையில் ஜன்னல் வெட்டி அதற்குள் படம் தெரியும்படி வைப்பதுதான் நாகரிகம், அடிப்பக்கம் கொஞ்சம் அகலம் விட வேண்டும், மேலே குறைத்து விட வேண்டும் என்றெல்லாம் சொல்வேன். அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும், "இதெல்லாம் முருகருக்குத் தெரியுமா?" என்பார். அன்றைக்கு வெட்ட வேண்டிய படம் முருகர் படமாக இருக்கும்.

2. டீச்சரம்மா கேட்டது

கடையில் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு புதன்கிழமை நியாலாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு அம்மா பஸ் இறங்கி வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. அந்த எஸ்டேட் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் தங்கை, புவனேஸ்வரி டீச்சர். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"தம்பி, சுவரில படம் மாட்ட ஆகக் குறைஞ்ச செலவில என்ன வழி இருக்கு?"

விஷயம் இதுதான். காட்டோரமாகச் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை. முதல் அறையில் காலையில் பிள்ளைகள். இரண்டாவது அறையில் மத்தியானத்துக்குமேல், பால்வெட்டு முடித்து வந்த பதின்மூன்று பெண்கள் எழுத்துப் படித்தார்கள். டீச்சரம்மாதான் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கிடையாது.

இப்போது அந்த அறையின்மேல் எஸ்டேட்டின் வெள்ளைக்கார மேனேஜர் துரைக்குக் கண். வேலியைக் காவல் காக்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குச் சாமான் வைக்க ஒரு ஸ்டோர் வேண்டும்.

"'அந்த அறையில சிரிப்புச் சத்தம்தான் கேக்குது, படிப்பைக் காணேல்ல' எண்டு சொல்லிப்போட்டார் துரை. ஞாயிறு பத்து மணிக்கு வந்து பார்ப்பாராம். பார்க்க ஏதும் இருந்தால் வகுப்பு இருக்கும். இல்லாட்டி திங்கட்கிழமை அறை போயிடும். வேலிக்குள்ள வேற கூரையும் இல்லை, தம்பி."

கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்று தாள். ஒன்று, ஐ.சி. என்கிற அடையாளக் கார்டுக்காக எடுத்த போட்டோவில் மிஞ்சிய ஒரு பிரிண்ட், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோவே அதுதான். அதனால் எல்லாரும் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள் மாதிரியே பார்த்தார்கள். இரண்டாவது, பென்சிலால் அவரவர் பெயரை அவரவரே எழுதிய தாள். மூன்றாவது, ஆளுக்கொரு படம். கோலம், பசு, சைக்கிள், பால்வாளி. மொத்தம் முப்பத்தொன்பது. செலவுக்கு டீச்சரம்மா கையில் ஆறு வெள்ளி.

"ஆறு வெள்ளிக்குக் கண்ணாடி வராதும்மா" என்றார் முதலாளி.

"கண்ணாடியே வேண்டாம்!" என்று குதித்தேன். "ஆளுக்கு ஒரு அட்டை. மேலே போட்டோ, நடுவில் பெயர், கீழே படம். மூன்று ஜன்னல். பதின்மூன்று அட்டை. சணல் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடலாம். சுவரில் ஆணிகூட அடிக்க வேண்டாம். நானே வந்து செய்து தருகிறேன்."

டீச்சரம்மா முகம் மலர்ந்தது. "நீர் இவ்வளவு கெட்டிக்காரனோ!" என்றார். அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது?

அவர் போனபிறகு முதலாளி சொன்னார். "பசையை இங்கயே காய்ச்சி எடுத்துக்கிட்டுப் போ. மாவை கேட்டுல விடமாட்டான்."

அப்போது அரிசி, மாவு, சீனி எதுவானாலும் பர்மிட் இல்லாமல் அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. காட்டில் ஒளிந்திருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்ற பயம். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம்.

"காய்ச்சின பசை ரெண்டாம் நாள் புளிச்சிடும் முதலாளி. அங்கே போய் அப்பப்போ புதுசாக் காய்ச்சணும். பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடப்போறேன். துத்தம் போட்டா யாராலும் சாப்பிட முடியாது. சாப்பிட முடியாத ஒண்ணு எப்படி உணவாகும்?"

முதலாளி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இதை அவன்கிட்ட இங்கிலீஷ்லயே சொல்லு. ரொம்ப சந்தோஷப்படுவான்."

3. கேட்

வெள்ளிக்கிழமை மத்தியானம் எஸ்டேட் கேட்டில் இறங்கினேன். அட்டைக்கட்டு, ரேசர், ஸ்கேல், சணல், ஒரு துணிப்பையில் கோதுமை மாவு, தனிப் பொட்டலத்தில் துத்தம். அதே நேரம் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சோதனைக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். துரை பங்களாவின் பழுப்பு நாய் கேட் நிழலில் படுத்திருந்தது.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மலாய்க்காரப் பையன். என் வயதுதான் இருக்கும். பையைத் தொட்டுப் பார்த்து, "தெப்போங்?" என்றான். மாவா என்று கேட்கிறான்.

மாவு இல்லை, பசை என்றேன். பசை என்றால் ஈரமாக இருக்குமே என்றான். இனிமேல்தான் ஈரமாகும் என்றேன். பர்மிட் எங்கே என்றான். பசைக்கு எதற்குப் பர்மிட் என்று சொல்லிவிட்டு, துத்தப் பொட்டலத்தை எடுத்து விரித்து, இந்த நீலத்தைக் கலந்தால் இது விஷம் என்று பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பிரசங்கம் செய்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "கலந்துவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் இப்போது இது சாப்பாடு."

நியாயம் அவன் பக்கம். அத்தோடு விட்டிருக்கலாம். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன். உள்ளே வேறு எதையும் ஒளித்திருக்கிறேனோ என்று அவன் சோதனைக்கம்பியால் பையில் ஒரு குத்துக் குத்தினான். பழைய பை. கிழிந்தது. முகம், சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் வெள்ளை. அவன் மூக்கிலும் கொஞ்சம் ஏறி, ஆறேழு தும்மல் தும்மினான். நாய் எழுந்து வந்து ஒரு அவசரமும் இல்லாமல் என் ஷூவை நக்க ஆரம்பித்தது.

வரிசையில் முதலில் சிரித்தது அஞ்சலையக்கா. முப்பது வயது இருக்கும், ஒல்லி, தலையில் பால்கறை படிந்த துண்டு. வகுப்பில் அவர்தான் எல்லாருக்கும் தலைவி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏ புள்ளைங்களா, பாருங்கடி, புது தொரை வந்திருக்காரு! நம்ம தொரையைவிட வெள்ளை!"

"அக்கா, நான் உங்கள் படத்தை மாட்டத்தான் வந்திருக்கிறேன்" என்றேன், மாவு உதிர.

"அப்படியா தம்பி? மொதல்ல கைய இறக்குங்க, அப்பறம் படத்த ஏத்தலாம்" என்றார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். சோதனை முடிந்ததைக்கூட கவனிக்கவில்லை.

4. பால்

பெரிய கிராணி வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதின்மூன்று அட்டையிலும் ஜன்னல் வெட்டி முடித்தேன். பசைதான் இல்லை. டீச்சரம்மா வீட்டில் இருந்த மாவு அளந்து கொடுத்த ரேஷன் மாவு. அதைக் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

அப்போது என் மூளை வேலை செய்தது. இவ்வளவு பால் ஓடுகிற இடத்தில் பசைக்கா பஞ்சம்? ரப்பர் பாலைவிடவா ஒட்டுகிற பொருள் உண்டு?

சனிக்கிழமை மத்தியானம் அஞ்சலையக்கா ஒரு சிகரெட் டின் நிறைய புதுப்பால் கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, இத ஒட்டறதுக்கு ஒரு மொற இருக்கு. மொதல்ல..."

"தெரியும்க்கா. புத்தகத்தில் ரப்பர் சொல்யூஷன் பற்றிப் படித்திருக்கிறேன்."

"பொஸ்தகத்துலயா? அப்ப சரி. பொஸ்தகத்துக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது!" கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் ஏதோ கிறுக்க ஆரம்பித்தார்.

நான் பிரஷ்ஷால் பாலை வழிய வழியத் தடவி, ஈரத்தோடு ஈரமாக முப்பத்தொன்பது தாளையும் ஒட்டினேன். நாலு மணிக்கு முடிந்தது. கயிற்றை என் கண் உயரத்துக்கு இழுத்துக் கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. பெண்கள் வந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

டீச்சரம்மா மட்டும், "தம்பி, ஏதோ புளிச்ச மணம் மணக்குது" என்றார்.

"காய்ந்தால் போய்விடும் டீச்சர்."

திரும்பினால் பக்கத்துப் பலகைச் சுவரில், கயிற்றுக்குக் கீழே, புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. கம்பிவேலி, கேட். நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு நெட்டை உருவம், முகம் முழுக்க வெள்ளை. ஒரு பக்கம் கான்ஸ்டபிள், வாயைத் திறந்து தும்முகிறான். காலடியில் ஷூவை நக்குகிற நாய். மற்றவர்கள் எல்லாரும் குச்சி குச்சியாக இருந்தார்கள். நாய் மட்டும் நாயாகவே இருந்தது. ஒரு காது மடிந்து, பின்காலைச் சாய்த்துக்கொண்டு, அப்படியே அந்த நாய்.

"இது கணக்கில் இல்லையேக்கா" என்றேன்.

"நாப்பதாவது. ரவுண்டா இருக்கட்டுமேன்னு."

துரை வருகிற இடத்தில் இது எதற்கு என்று ஓரத்தைச் சுரண்டினேன். வரவில்லை. நகத்தைக் கொடுத்தேன். நகம்தான் வந்தது. அவர் தாளிலும் பலகையிலும் பாலை மெல்லிசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காயவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுத்தியிருக்கிறார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுகிற முறை. நான் பேச்சை வெட்டாமல் இருந்திருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடிய முறை.

5. அப்பளம்

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன்.

முதலில் நாற்றம். அழுகின முட்டையும் புளித்த மோரும் சேர்ந்த மாதிரி. அடுத்து அட்டைகள். ஈரம் ஒரு பக்கமாகக் குடித்து பதின்மூன்றும் பழஞ்செருப்பு மாதிரி வளைந்திருந்தன. ஐ.சி. போட்டோக்கள் சுருண்டு அப்பளமாகி, பாதி தரையில். பெயர் எழுதிய தாள்கள் ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு ஆடின. என்னைப் பார்த்தவுடன் இன்னும் இரண்டு விழுந்தன.

டீச்சரம்மா பின்னால் வந்து நின்றார். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். துரை வர மூன்று மணி நேரம். நாளைக்கு இங்கே ஸ்டோர்.

"டீச்சர், நான் ஜாசினுக்குப் போய்..."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு."

"பேசாமல் இரும்."

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். துரை வருகிறார் என்று ஞாயிற்றுக்கிழமைச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, பூ. வாசலிலேயே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. தன் பெயரைத் தடவிப் பார்த்தவள் தன் தாளைக் கையில் எடுத்து, பின்பக்கம் ஒட்டியிருந்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலையக்காதான் முதலில் உட்கார்ந்தார். சேலையை மடித்துச் செருகிக்கொண்டு, ஒரு தாளைக் கவிழ்த்து, பால் சவ்வின் ஒரு நுனியை நகத்தால் கிளப்பி, மெதுவாக ஒரே இழுப்பு. முழுசாக வந்தது.

"ஒட்டுப்பாலுதானடி. தெனமும் மரத்துல இழுக்கறோம். தாளுல இழுக்க மாட்டமா? உக்காருங்க."

மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிற பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். பட்டை கிழியாமல் அதை இழுத்தெடுப்பது அவர்கள் தினமும் விடியும் முன்னே செய்கிற வேலை. பதின்மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்பதும் அட்டையிலிருந்து வந்துவிட்டன. ஒரு தாள்கூடக் கிழியவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, உருட்டிப் போட்ட பால் உருண்டைகளைப் பொறுக்குவது.

"சரி, அட்டை போச்சு. எதுல மாட்டறது தம்பி? பொஸ்தகம் என்னா சொல்லுது?"

புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு மட்டும் இருக்கிறது, அதில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றேன். துணி காயப்போடுகிற கிளிப் இருக்கிறதா? இல்லை, நாங்கள் வேலியில்தான் காயப்போடுகிறோம் என்றார்கள். பேப்பர் கிளிப்? ஆபீஸ் பூட்டியிருக்கிறது, சாவி துரையிடம். குண்டூசி? டீச்சரம்மாவிடம் நான்கு.

அஞ்சலையக்கா தன் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். ஒரு ஹேர்பின்னை உருவி, கயிற்றின்மேல் தன் பெயர்த்தாளை வைத்து, பின்னை மேலிருந்து செருகினார். தாள் நின்றது.

"பூ வேற வச்சிருக்கேனே அக்கா, தொரை வர்றாரு" என்று ஒருத்தி இழுத்தாள்.

"தொரை ஒன் கொண்டையப் பாக்கவா வர்றாரு? எடுடி!"

பதின்மூன்று கொண்டையும் அவிழ்ந்தன. ஆளுக்கு ஆறு பின், மூன்று தாளுக்கு இரண்டிரண்டாக. என் உயரத்தில் கட்டியிருந்த கயிறு அவர்களுக்கு எட்டவில்லை. அவிழ்த்துத் தங்கள் கைக்கு வசதியாக, மார்பு உயரத்தில் இழுத்துக் கட்டினார்கள். படம் எப்போதும் பார்ப்பவர் கண் உயரத்தில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அதுதான் அன்று நான் செய்த முதல் புத்திசாலித்தனம்.

நாற்பதாவது படம்தான் மிச்சம். கான்ஸ்டபிளைக் கேலி செய்கிற படத்தைப் பார்த்தால் துரை என்ன சொல்வாரோ! ஒரு வளைந்த அட்டையை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்து மறைத்தேன்.

6. துரை குனிந்தார்

சரியாகப் பத்து மணிக்கு நாய் வந்தது. பின்னால் துரை. ஆறடிக்கு மேல். தமிழ் பேசுவார். கங்காணிகளிடம் கற்ற தமிழ், அதனால் எல்லாரையும் நீ என்றுதான் சொல்லுவார்.

பதின்மூன்று பெண்களும் தலைமுடியை வெறும் முடிச்சாகப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். துரை கயிற்றைப் பார்த்தார். நின்றபடி பார்த்தால் தாளின் மேல்விளிம்புதான் தெரியும். தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நகர்ந்தார். போட்டோவைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பார், நிமிர்ந்து சுவரோரம் நிற்பவர்களில் ஆளைத் தேடுவார்.

"மாரியாயி யாரு?"

"நானுங்க தொரை."

"நீ எழுதினது?"

"ஆமாங்க."

"செக்ரோல்ல ஏன் கைநாட்டு வைக்கிற?"

செக்ரோல் என்பது பேர் பதிந்து சம்பளம் கணக்கெழுதுகிற புத்தகம். மாரியாயி டீச்சரம்மாவைப் பார்த்தாள். டீச்சரம்மா தரையைப் பார்த்தார். "அங்க பேனா குடுக்க மாட்டேங்கறாங்க தொரை" என்றாள் மாரியாயி. துரை அடுத்த தாளுக்குக் குனிந்தார்.

நாய் நேராக என் அட்டையிடம் போனது. அதில் காய்ந்த பால் நாற்றம். முகர்ந்து, மூக்கால் தள்ளி, சாய்த்துவிட்டது.

துரை அந்தப் படத்தைப் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு படத்தை, பிறகு நாயை. இப்போது உட்கார்ந்தே விட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"இது யாரு போட்டது?"

"நானுங்க" என்றார் அஞ்சலையக்கா.

"இந்தப் படம் எனக்கு வேணும். எடு."

"எடுக்க முடியாதுங்க. ரெண்டு பக்கமும் காயவச்சு ஒட்டுன பாலு. வந்தா பலகையோடதான் வரும்."

துரை ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். அவர் நகமும் தோற்றது. "அப்ப பலகையை அறு."

டீச்சரம்மா குடையை இறுக்கிப் பிடித்தார். அஞ்சலையக்கா அவிழ்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினார்.

"அறுக்கலாமுங்க. ஆனா செவுத்துல ஓட்டை வுழுமே. நாளைக்கு இது ஸ்டோராவப் போவுதுன்னாங்க. கான்ஸ்டபிளு சாமான் வைக்கற ஸ்டோருக்கு ஓட்டை இருந்தா காவலுக்கு ஆவுங்களா? பள்ளிக்கொடமா இருந்தா பரவால்ல. படம் இங்கயே இருக்கும், தொரை நெனச்சப்ப வந்து பாத்துக்கலாம்."

துரை எழுந்தார். முழங்கால் தூசியைத் தட்டினார். டீச்சரம்மாவிடம் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார்: ஸ்டோருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். கூரை இந்தப் பக்கம் ஒழுகுகிறது, படம் நனைவதற்குள் ஆள் அனுப்புகிறேன்.

தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். நாய் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. என் ஷூவில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தது.

7. பிறகு

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை பையில் மாவில்லை. கான்ஸ்டபிளுக்குத்தான் ஏமாற்றம். பசையே இல்லாத அட்டை கொண்டுபோயிருந்தேன். படத்தை அட்டைமேல் வைத்து நாலு மூலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் குறுக்காக ஒரு சின்னக் கீறல். கீறலுக்குள் படத்தின் மூலையைச் செருகினால் படம் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு வேண்டும் என்றால் உருவிக்கொள்ளலாம். செலவு, ஒரு ரேசர் பிளேடு. ஐ.சி. தொலைந்து மறுபடி போட்டோ வேண்டும் என்று ஓடி வருகிறவர்களுக்கு இந்த அட்டையைத்தான் சொல்கிறேன். பசை போட்டு ஒட்டியவர்கள் அப்போது படும் பாட்டைக் கடையில் பார்த்திருக்கிறேன்.

ஹேர்பின்கள் துருவேறி ஒவ்வொரு தாளின் தலையிலும் இரண்டு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு தெரியாமல் ஓரத்தை வெட்டிவிடலாம் என்றேன். மாரியாயி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "அது எம்பின்னு. இருக்கட்டும்." அதனால் புதுசாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். இரும்புப் பின்னைத் தாளில் நாள்கணக்காக விடாதீர்கள். விட்டுவிட்டால், கறையை வெட்டும் முன் சொந்தக்காரரைக் கேளுங்கள்.

நாற்பதாவது படம் பால் பழுத்துத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. சுவரை விட்டு மட்டும் வரவில்லை. வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர். செக்ரோல் மேசையில் ஒரு பேனா கட்டித் தொங்குகிறது.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் படம் மாட்டப் போனாலும், பையைத் திறப்பதற்கு முன் கேட்டுவிடுகிறேன்: இங்கே நீங்கள் எதை எதால் ஒட்டுவீர்கள்? பதிலை நடுவில் வெட்டுவதில்லை. போன மாதம் செர்காமில் ஒரு வீட்டில் இப்படிக் கேட்டு, மீன்வலைக்கு முடிச்சுப் போடுகிற விதத்தை அரை நாள் உட்கார்ந்து கற்றேன். பெரிய படம் தொங்கவிட அதைவிட நல்ல முடிச்சு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து முதலாளியிடம் காட்டினேன். காதில் பென்சிலோடு, கம் டேப்பை நக்கி நக்கி ஒட்டிக்கொண்டே கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"நீ ஒட்டுனது முப்பத்தொம்பது. ஒண்ணுகூட நிக்கல. நின்னது ஒண்ணு. அத நீ ஒட்டல. இதுதானேடா கதை? இதுக்கா இத்தன பக்கம்?"

தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பார்த்தால், தாள்கள் கலையாமல் மேல் ஓரத்தில் அவர் செருகிய ஒரு ஹேர்பின்.